கத்திரி வெயிலில் ஒரு ஐஸ் பெட்டி

6. மன்னிப்பு கையிருப்பில் இல்லை

"சீல் வைக்கிற அரக்கை நானே உருக்கித் தாரேன். மெழுகுவத்தியும் என் கடையிலேயே இருக்கு. மன்னிப்பு மட்டும் ஸ்டாக் இல்லைங்க."

கல்லாவுக்குப் பின்னால் நின்றபடி, கீழ ராஜ வீதியில் கூடியிருந்த கூட்டத்தைப் பார்த்து அழகம்மாள் இப்படிச் சொன்னார். எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. கட்சிக்காரருக்குக் கைதட்டிவிட்டால் பிறகு ஃபீஸ் கேட்க முடியாது என்பதால் அடக்கிக்கொண்டேன்.

புருஷன் இறந்ததும் இந்த அம்மாள் மருந்துக் கடையைப் பூட்டிவிட்டு மூலையில் உட்காருவார் என்று புதுக்கோட்டை எதிர்பார்த்தது. அவரோ மதராஸ் போய்க் கம்பவுண்டர் பரீட்சை எழுதித் தேறி வந்து, கடையை முன்னைவிடச் சீக்கிரமாகத் திறக்க ஆரம்பித்தார். அன்றிலிருந்தே ஊருக்கு அவர் மேல் ஒரு எரிச்சல். காரணம் ஒன்று கிடைக்காமல் காத்திருந்தது. இப்போது கிடைத்துவிட்டது.

விஷயம் இதுதான். கோட்டைப்பட்டினம் மீன் வியாபாரி ஜெகபர் சாதிக்குக்கு ஒரே மகள், அஜீசா. பதினான்கு வயது. சர்க்கரை வியாதி. காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட்டால்தான் உயிர் நிற்கும். மருந்து மதராஸிலிருந்து திருச்சி வழியாக அழகம்மாள் கடைக்கு வந்து, இங்கிருந்து பஸ்ஸில் கோட்டைப்பட்டினம் போகும். கடைசியாகப் போன மருந்து வேலை செய்யவில்லை. ஊசி போடப் போட அந்தப் பெண்ணுக்கு மூச்சு வாங்கியது, கண் செருகியது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, உயிரை இழுத்துப் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பாட்டிலைத் தூக்கிப் பார்த்தால், பால் போல இருக்க வேண்டிய மருந்தில் வெள்ளை வெள்ளையாய்த் துகள் மிதந்தது.

"சுண்ணாம்புத் தண்ணியை மருந்துன்னு வித்துட்டா!" என்று ஜெகபர் சாதிக் இதே வீதியில் நின்று தொண்டை கிழியக் கத்திவிட்டுப் போனார். மருந்து இன்ஸ்பெக்டர் நாளைக் காலை வந்து கடைக்குச் சீல் வைப்பதாக ஏற்பாடு.

கூட்டத்தின் முன்வரிசையில் நின்றவர் மலையாண்டி. எதிர்சாரி மருந்துக் கடைக்காரர். நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய இரக்கம்.

"ஆத்தா, ஒனக்கு நல்லதுதான் சொல்றேன். இன்ஸ்பெக்டரு வாரதுக்குள்ள ஜெகபர் பாய்கிட்ட கையெடுத்துக் கும்பிட்டு, தெரியாம நடந்துபோச்சுன்னு சொல்லிரு. கடையை எம் பேருக்கு மாத்தி விட்டுரு. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

"செய்யாத குத்தத்துக்குக் கும்பிடு போட என் கை வளையாதுண்ணே. வெளிச்சத்தை மறைக்காம அங்கிட்டுத் தள்ளி நில்லுங்க."

மலையாண்டி தள்ளி நிற்கவில்லை. கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "சரி. அந்தப் புள்ளைக்கு ஆஸ்பத்திரியில குடுத்த மருந்து இன்னைக்குக் காலையோட தீந்துபோச்சு. சாயங்கால ஊசிக்கு நான்தான் மருந்து அனுப்புறேன். மத்தியானப் பஸ்ஸுல ஐஸ் பெட்டியோட போகுது. யாரு சரக்கு சுத்தம்னு ஊரே பாக்கட்டும்!"

கூட்டம் ஆமோதித்துத் தலையாட்டியது. கத்திரி வெயிலில் தலையாட்டவும் தெம்பு வேண்டும், அது இவர்களிடம் நிறைய இருந்தது.

இத்தனை நேரமும் என் முதலாளி ரெங்கராஜ் யார் முகத்தையும் பார்க்கவில்லை. துப்பறிகிறவர் என்றால் தொப்பியும் சுருட்டுமாக ஒருவரை நினைத்துக்கொள்ளாதீர்கள். வெயில் ஆகாத மனிதர். சித்திரை பிறந்ததும் ஒரு துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டால் ஆடி வரைக்கும் எடுக்க மாட்டார். போலீஸில் இருந்தபோது, குற்றம் செய்யாத ஒருவனை உள்ளே தள்ளச் சொன்ன மேலதிகாரியின் மேஜையில் பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தவர். அவரிடம் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் நான், கிபாயத்துல்லா. வாங்குகிற என்பதை வாங்க வேண்டிய என்று திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு பெட்டியை. அழகம்மாள் மருந்து வைத்து அனுப்பி, ஜெகபர் சாதிக் கோபத்தில் திருப்பிக் கொண்டுவந்து கடை வாசலில் விட்டெறிந்த தகரப் பெட்டி.

"கிபாயத்து, இதைப் பாரு."

பார்த்தேன். சுற்றிலும் சாக்கு உறை, சாக்குக்கும் தகரத்துக்கும் நடுவில் உமி. விட்டெறிந்ததில் சாக்கு கிழிந்து உமி கொட்டியிருந்தது. சாக்கு மூடாத மூடியும் கைப்பிடியும் பளபளவென்று புதுசாகவே இருந்தன. உள்ளே பாதி உயரம் வரைக்கும் செக்கச்செவேலென்று துரு.

"கடற்கரைக்குப் போயிட்டு வந்த தகரம் சார். கடல் காத்து கடிச்சிருக்கு."

"அப்ப கடல் காத்து மூடியைத் தொறந்து, உள்ள எறங்கி உக்காந்து கடிச்சிட்டு, மறுபடி மூடிட்டுப் போயிருச்சாக்கும்?"

"ஐஸ் கரைஞ்ச தண்ணியா இருக்கும்."

"புதுத் தகரம்யா. ஒரு நாள் நல்ல தண்ணி பட்டதுக்கு இம்புட்டுத் துருவா?"

பதில் இல்லாதபோது நான் வழக்கமாகச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவேன். அதற்கும் அவர் இடம் கொடுக்காமல் அழகம்மாளிடம் திரும்பினார்.

"எப்பவும் ஐஸ் வச்சுத்தான் அனுப்புவீங்களா?"

"இல்லைங்க. ஈரத் துணி சுத்தி மண் கலயத்துல வச்சுத்தான் அனுப்புவேன். ரெண்டு வருசமா ஒரு கொறையும் வந்ததில்ல. இந்தக் கத்திரியிலதான் ஜெகபர் அண்ணன் ஐஸ் வச்சே ஆகணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு. மகளுக்குன்னு கேக்குறாரு, எப்படி மாட்டேங்கிறது? பொட்டி வாங்கி, ஐஸ் வச்சு, பாட்டிலைத் துணியில பொதிஞ்சு நானே அடுக்குனேன்." கல்லாவைத் துணியால் ஒரு முறை துடைத்தார். "அந்தப் புள்ளைக்கு ஊசி போட அவ அம்மாவுக்கு நான்தான் சார் சொல்லிக் குடுத்தேன். கடை போனாப் போகுது. அது என்னைய என்ன நெனைச்சுக்கிட்டுப் படுத்திருக்கும்?"

வீதிக்கு வந்ததும் நான் என் தீர்ப்பைச் சொன்னேன். "ஆளு மலையாண்டிதான் சார். பஸ்காரனைக் கைக்குள்ள போட்டு வழியில பாட்டிலை மாத்தியிருக்கான். முழியே சரியில்ல."

"முழி சரியில்லாதவனை எல்லாம் புடிச்சா ஒன்னைய எப்பவோ உள்ள தள்ளியிருப்பேன். மருந்து போற வழியிலேயே நாமளும் போவோம். யாரு பொட்டியைத் தொடுறாங்கன்னு மட்டும் பாரு. பஸ்ஸுல ஏறு."

நயா பைசா வந்து, பழைய அணாவுக்கும் புதுக் காசுக்கும் கணக்குப் பார்த்துப் பஸ்ஸுக்குப் பஸ் மல்லுக்கட்டு நடந்த வருஷம் அது. கோட்டைப்பட்டினம் பஸ்ஸின் கண்டக்டர் சேவுகன், அந்த மல்லுக்கட்டை எல்லாம் முடித்துக்கொண்டு மலையாண்டியின் பெட்டியை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்தார். நான் அதற்கு நேர் எதிரில் உட்கார்ந்தேன். கண் இமைக்காமல் பார்த்ததில் கண்ணில் புழுதி விழுந்ததுதான் மிச்சம்.

வல்லத்திராக்கோட்டையில் பஸ் நின்றது. சேவுகன் இறங்கிப் போய் ஒரு செம்போடு திரும்பி வந்தார். அங்குமிங்கும் பார்த்தார். செம்பைப் பெட்டியின் மேல் சாய்த்தார்.

"புடிச்சிட்டேன்!" என்று பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பற்றினேன். "என்னத்தய்யா கலக்குற?"

செம்பு கவிழ்ந்து தண்ணீர் முழுவதும் என் சட்டையில் கொட்டியது. பஸ் முழுக்கச் சிரிப்பு.

"ஈரச் சாக்குன்னா உள்ள குளிர்ச்சியா இருக்கும் தம்பி. அழகம்மா சொல்லிக் குடுத்தது. எந்த மருந்துப் பொட்டி வந்தாலும் நிக்கிற ஊர்ல எல்லாம் தண்ணி தெளிப்பேன்."

"இது மலையாண்டி பொட்டியாச்சே," என்றேன், சட்டையைப் பிழிந்துகொண்டே.

"யாரு பொட்டியா இருந்தா என்ன? உள்ள போறது அந்தப் புள்ளைக்குத்தானே?"

ரெங்கராஜ் முன்னால் சாய்ந்தார். "போன தடவை அழகம்மா பொட்டியையும் நீங்கதான் கொண்டுபோனீங்களா?"

"நான்தாங்க. ஜெகபர் பாய் கையிலேயே குடுத்தேன். அவரு அங்கனயே தொறந்து பாத்தாரு. ஐஸ் பாளம் பாதிக்கு மேல அப்படியே கெடந்துச்சு. இதுக்கு மேல என்னங்க செய்யணும்? அந்த அம்மா மேல பழி போட்டது அடுக்காதுங்க. எவன் வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்லுவேன்."

"எவனும் வந்து கேட்டானா?"

"இல்லைங்க. நீங்கதான் மொத ஆளு."

ரெங்கராஜ் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஒரு சந்தேகம் நனைஞ்சுபோச்சு, கிபாயத்து."

அறந்தாங்கியில் பஸ் சற்று நேரம் நிற்கும். ஸ்டாண்டு ஓரத்தில் ஒருவன் மர வாளியைச் சுற்றிக்கொண்டு கை ஐஸ்கிரீம் விற்றுக்கொண்டிருந்தான். வெயில் ஆகாத என் முதலாளிக்கு அதைப் பார்த்ததும் கொலைக்கேசே மறந்துவிடும். ஆளுக்கு ஒரு கிண்ணம் வாங்கினோம். வாளிக்கு நடுவில் பால் டப்பா, சுற்றிலும் உடைத்த ஐஸ். அவன் ஒரு கையால் பிடியைச் சுற்றினான், மறு கையால் பக்கத்து மூட்டையிலிருந்து கல் உப்பை அள்ளி ஐஸ் மேல் வீசினான், மறுபடி சுற்றினான்.

நான் என் கிண்ணத்தை வழித்து நக்கி முடித்துவிட்டேன். ரெங்கராஜின் கிண்ணம் அப்படியே இருந்தது. ஐஸ்கிரீம் உருகி மணிக்கட்டு வழியாக வேட்டியில் சொட்டுவதுகூடத் தெரியாமல் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேணாம்னா குடுங்க சார், பாவம், அது என்ன பண்ணுச்சு?"

அவர் கிண்ணத்தை என் கையில் திணித்துவிட்டு டிரைவரிடம் ஓடினார். "அண்ணே, பொறப்படுங்க. இப்பவே! அந்தப் புள்ளைக்கு ஊசி போடுறதுக்கு முன்னால நான் அங்க நிக்கணும்."

"பொட்டி இங்கதானே சார் இருக்கு? யாரும் தொடலையே?" என்றேன்.

"அதுதான்யா பயம். வழியில யாரும் தொடல."

கோட்டைப்பட்டினத்தில் பஸ்ஸுக்காக ஜெகபர் சாதிக்கே காத்து நின்றார். நல்ல உயரம், கட்டம் போட்ட கைலி, கடற்கரை ஏலத்தில் கத்திக் கத்திப் பழகிய குரல். பெட்டியைப் பார்த்ததும் அந்த முரட்டு முகம் ஒரு மாதிரி இளகியது. யாரையும் தூக்க விடாமல் தானே மார்போடு அணைத்துக்கொண்டு பக்கத்திலிருந்த தன் மீன் வாடிக்குள் நடந்தார். நாங்களும் பின்னாலேயே நுழைந்தோம்.

வாடியின் ஒரு பக்கம் வஞ்சிரமும் பாறையும் ஐஸில் கிடந்தன. மறுபக்கம் உப்பு மூட்டைகள். வாடிக்குப் பின்கட்டுதான் வீடு. கதவோரம் ஜெகபரின் மனைவி ரம்லத் பீவி முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி நின்றார். அவர் தோளில் சாய்ந்தபடி அஜீசா. பெரிய கண்கள், குச்சி போன்ற கை. ஆனால் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

ஜெகபர் சாதிக் பெட்டியைத் திறந்தார். ஐஸ் இருந்தது. இரண்டு பாட்டில்களும் சில்லென்று இருந்தன. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். பால் போலச் சுத்தமான வெள்ளை, துகள் எதுவும் இல்லை. மலையாண்டி யோக்கியன்! நாளைக் காலை அழகம்மாள் கடைக்குச் சீல் விழுவது உறுதி.

"இதுதான்யா மருந்து," என்றார் ஜெகபர். பாட்டிலைத் திரும்ப ஐஸுக்குள் செருகினார். பக்கத்து மூட்டைக்குள் கையை விட்டு இரண்டு கையும் நிறைய உப்பை அள்ளினார்.

"கையை எடுங்க பாய்!"

ரெங்கராஜ் பாய்ந்து அவர் கைகளைப் பிடித்துவிட்டார். உப்பு தரையில் சிதறியது. வாடியில் நின்ற ஆட்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எங்களை நோக்கி நகர்ந்தார்கள். நான் வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொண்டேன்.

"யாருய்யா நீ? எம் மகளுக்கு நான் செய்றதைத் தடுக்க நீ யாரு?"

"போன தடவையும் உப்பு போட்டீங்களா பாய்?"

"போடாம?" ஜெகபர் சாதிக் நிமிர்ந்து நின்றார். "புதுக்கோட்டைக்காரங்களுக்கு ஐஸ் வைக்கத் தெரியுமா? என் வாடி மீனு திருச்சியில போய் எறங்குறப்பவும் கல்லு மாதிரி இருக்கும். ஐஸுல உப்பு போட்டாத்தான் குளிரு ஏறும். மீனுக்கே அப்படிச் செய்றவன் பெத்த மகளுக்குச் செய்ய மாட்டேனா? அள்ளி அள்ளிப் போட்டேன்!"

பெருமையோடுதான் சொன்னார். துருவும், வாளியும், வேட்டியில் சொட்டிய ஐஸ்கிரீமும் ஒன்றாகச் சேர்ந்து புரிந்தபோது, இதை இந்த மனிதரிடம் யார் சொல்வது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

ரெங்கராஜ் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை.

"குளிரு ஏறுச்சு பாய். ரொம்பவே ஏறிப்போச்சு. பாட்டிலுக்குள்ள மருந்து ஒறைஞ்சு கல்லாயிருச்சு. மீனு ஒறையலாம், ஒண்ணும் ஆகாது. இந்த மருந்து ஒறைஞ்சா செத்துப்போகும். மறுபடி எளகினாலும் துகள் துகளாத்தான் நிக்கும். நீங்க பாத்தது சுண்ணாம்பு இல்ல."

"பொய்! அந்தப் பொம்பளைக்குப் பரிஞ்சு பேச வந்துட்டே!" ஜெகபர் கத்தியதில் ஓலைக் கூரையிலிருந்த காக்கைகள் பறந்தன. "நான் எம் மகளைக் கொல்லப் பாத்தேன்னு சொல்றியா?"

கதவோரத்திலிருந்துதான் பதில் வந்தது.

"ரெண்டு பாட்டில் இருக்குல்ல வாப்பா? ஒண்ணை உப்புல வச்சுப் பாருங்க."

"அஜீசா, சும்மா இரு," என்றார் ரம்லத் பீவி. "திருச்சியிலேருந்து அடுத்த மருந்து எப்ப வருமோ."

"மாட்டேன் உம்மா. ஊசி குத்துறது என்னைய. சாகக் கெடந்தது நான். எதனாலன்னு எனக்குத் தெரிய வேணாமா? அழகம்மா மாமி சுண்ணாம்பு குடுத்தாங்கன்னு எல்லாரும் சொல்றப்பவும் நான் நம்பல. நம்பலன்னு சொன்னேன். யாரு கேட்டீங்க?"

தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எழுந்து வந்த பெண் பேசுகிற பேச்சா அது! ஜெகபர் சாதிக் மகளைப் பார்த்தார். ஒரு பாட்டிலை எடுத்து மனைவி கையில் கொடுத்தார். அடுத்ததை ஐஸிலேயே விட்டு, மூட்டையிலிருந்து தானே உப்பை அள்ளிப் போட்டார். போன தடவை போட்ட அதே அளவு, அதே வேகம்.

மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு ஒலித்தது. ஆட்கள் பள்ளிக்குப் போனார்கள். நானும் போனேன். அன்று நான் கேட்ட துஆ முழுவதும் ஒரு சின்னப் பாட்டிலைப் பற்றியதாக இருந்தது. ஜெகபர் சாதிக் மட்டும் பெட்டியை விட்டு நகரவில்லை என்று திரும்பி வந்ததும் தெரிந்தது.

பாட்டிலை வெளியே எடுத்தார்கள். ஆட்டினால் ஆடவில்லை, கட்டியாக இருந்தது. ரம்லத் பீவி அதை ஒரு டம்ளர் தண்ணீரில் வைத்தார். மெல்ல இளகியது. உள்ளே வெள்ளை வெள்ளையாய்த் துகள்கள் மிதந்தன, சில கண்ணாடியில் ஒட்டிக்கொண்டன.

ரெங்கராஜ், பழைய தகரப் பெட்டியிலிருந்து எடுத்து வந்திருந்த அழகம்மாள் கடைப் பாட்டிலைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார். எது எந்தக் கடைப் பாட்டில் என்று லேபிளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"மலையாண்டியும் சுண்ணாம்புதான் விக்கிறாரு போல," என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

ஜெகபர் சாதிக் உப்பு மூட்டை மேல் உட்கார்ந்தார். தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆட்களில் ஒருவன் குனிந்து மெதுவாகச் சொன்னான். "மொதலாளி, இது வாடியை விட்டு வெளிய போக வேணாம். ஊருக்குள்ள நம்ம மானம் என்னாவுறது?"

அவர் அவனையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. உள்ளே ரம்லத் பீவி நல்ல பாட்டிலிலிருந்து ஊசி ஏற்றி மகளுக்குப் போட்டார். திரும்புகிற பஸ்ஸில் நான் பொரிந்து தள்ளினேன்.

"கையோட கூட்டிட்டு வந்திருக்கணும் சார்! நாளைக்கு நாம போய்ச் சொன்னா யாரு நம்புவா? புகார் குடுத்தவரு சொன்னாத்தானே செல்லும்?"

"புகார் குடுத்தவர்கிட்ட நீ என்ன செஞ்சேன்னு யாரும் கேக்குறதில்ல, கிபாயத்து. நாமளும் கேக்கல. அதனாலதான் இம்புட்டு அலைச்சல். இழுத்துட்டு வந்து சொல்ல வச்சா அது அவரு வார்த்தையா இருக்காது."

மறுநாள் காலை கீழ ராஜ வீதியில் நேற்றைவிடப் பெரிய கூட்டம். அழகம்மாள் சொன்னபடியே செய்திருந்தார். மெழுகுவர்த்தி கல்லாவின் மேல் எரிந்துகொண்டிருந்தது. மருந்து இன்ஸ்பெக்டர் அரக்குக் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நெளிந்தார். ரெங்கராஜ் நடந்ததைச் சொன்னார். கூட்டம் சிரித்தது.

"உப்பு போட்டா மருந்து கெட்டுப்போச்சாம்! கதை விடுறதுக்கும் ஒரு அளவு வேணாமா?" என்றார் மலையாண்டி.

"புகார்தாரர் சொல்லாம நான் ஒண்ணும் செய்ய முடியாதுங்க," என்றார் இன்ஸ்பெக்டர். அரக்கை நெருப்பில் காட்டினார். அது உருகிச் சொட்ட ஆரம்பித்தது. அழகம்மாள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"நிறுத்துங்கய்யா!"

ஏலக் குரல். கூட்டம் தானாக விலகியது. ஜெகபர் சாதிக் நேற்றைய ஐஸ் பெட்டியோடு வந்தார். ஒரு பாட்டிலை எடுத்துக் கல்லாவின் மேல் டக்கென்று வைத்தார்.

"இதைப் பாருங்க சார். இதுல என்ன தெரியுது?"

இன்ஸ்பெக்டர் தூக்கிப் பார்த்தார். "துகள். அதே மாதிரிதான் இருக்கு."

"லேபிளைப் படிங்க. யாரு கடை?"

இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு மலையாண்டியைப் பார்த்தார். ஊரும் பார்த்தது. மலையாண்டியின் விபூதிக்குக் கீழே வேர்வை வழிந்தது.

"ஐயய்யோ, நான் குடுத்தது சுத்தமான சரக்கு சார்! சத்தியமாச் சொல்றேன்! என் கடையை விட்டுப் போறப்ப நல்லாத்தான் இருந்துச்சு. அங்கிட்டுப் போன பெறகு ஏதோ ஆயிருக்கு. அதுக்கு நான் எப்படிப் பொறுப்பு?"

"அதைத்தானே அண்ணே நானும் இத்தனை நாளாச் சொல்லிக்கிட்டு நிக்கிறேன்," என்றார் அழகம்மாள்.

கூட்டத்தில் யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு அடக்க முடியவில்லை. ஜெகபர் சாதிக் சிரிப்பு ஓயும்வரை காத்திருந்தார். பிறகு, அன்றைக்குச் சுண்ணாம்பு என்று கத்திய அதே இடத்தில், அதே குரலில் கத்தினார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க! ரெண்டு மருந்தையும் கெடுத்தவன் நான். மீனுக்குப் போடுற மாதிரி மகளுக்கும் உப்பு போட்டவன் நான். இந்தத் தங்கச்சி மேல பழி போட்டவனும் நான். எங்க ஊர்ல வெளிய சொல்லாதேன்னாங்க. பழி சொல்றப்ப வீதியில நின்னு சொன்னவன், இதை மட்டும் வீட்டுக்குள்ள சொல்லவா? கேக்காதவங்க யாராச்சும் இருந்தா இன்னொரு தடவை சொல்றேன்!"

ஒருவரும் இன்னொரு தடவை கேட்கவில்லை. பாதிப் பேர் செருப்பைப் பார்த்தபடி நகரத் தொடங்கினார்கள். மலையாண்டி எப்போது போனார் என்றே தெரியவில்லை.

அழகம்மாள் முதல்முறையாகக் கல்லாவை விட்டு வெளியே வந்தார். "நேத்து ஊசி போட்டாச்சாண்ணே?"

"போட்டாச்சு தங்கச்சி. காலையிலயும் போட்டாச்சு. பசிக்குதுன்னு கேட்டா."

அழகம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் பார்க்கத்தான் துடைத்துக்கொண்டார்.

"சூடு ஆகாதுன்னு சொன்னவ, ஒறையவும் ஆகாதுன்னு சொல்லியிருக்கணும். அந்தப் பங்கு என்னோடது. அதுக்கு ஒங்ககிட்ட மட்டும் வருத்தம் சொல்லிக்கிறேன். இந்தக் கூட்டத்துக்கு இல்ல."

இன்ஸ்பெக்டர் உருகின அரக்கைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். எடுத்து வைக்கவும் முடியவில்லை, அணைக்கவும் தோன்றவில்லை.

"வீணாப் போகக் கூடாது சார்," என்றார் அழகம்மாள். உள்ளே போய்ப் புதுப் பாட்டில் ஒன்றை எடுத்து ஈரத் துணியில் சுற்றி, மண் கலயத்தில் வைத்து, வாயை வாழை மட்டையால் கட்டிக்கொண்டு வந்தார். "சீல் வைக்கத்தானே வந்தீங்க? வைங்க. கடைக்கு இல்ல, இதுக்கு."

இன்ஸ்பெக்டர் ரெங்கராஜைப் பார்த்தார். ரெங்கராஜ் துண்டை நனைக்கக் குழாயடிக்குப் போய்விட்டார். வேறு வழியில்லாமல் முடிச்சின் மேல் அரக்கைச் சொட்டி, சர்க்கார் முத்திரையை அழுத்தினார்.

"இதை ஒடைக்கிற உரிமை ரம்லத் மதினிக்கு மட்டும்தான்," என்றார் அழகம்மாள். "நீங்க தொடக் கூடாது. வீடு வரைக்கும் தூக்கிட்டுப் போகலாம், அம்புட்டுத்தான்."

ஜெகபர் சாதிக் கைலியில் இரண்டு உள்ளங்கைகளையும் அழுத்தித் துடைத்தார். சந்தேகம் தீராமல் இன்னொரு முறை துடைத்தார். பிறகு கலயத்தை இரண்டு கையாலும் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, வெயில் படாமல் கடைகளின் நிழலோரமாகவே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.